நடுக்கம் எனக்கு, கேள்வி அண்ணனுக்கு

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர்தான் என் நோயை முதலில் பாராட்டியவர். மலைமேல் எங்கள் ஊர் கொட்டச்சேட்டில் காபிப்பழம் பறிக்கும் பருவம். பல நாட்களாக எனக்குத் தூக்கமில்லை, களைப்புமில்லை. "இந்தப் புள்ளையப் பாத்துக் கத்துக்கோங்க" என்று எல்லோரிடமும் சொன்னார். சாக்கைக் கொட்டினால் பாதிக்குமேல் பச்சைக்காய். பழுத்ததை மட்டும் பறிக்காமல் கிளைகளையே மொட்டையடித்திருந்தேன். உடனே அதே வாய் என்னைப் பைத்தியம் என்றது.

சேலம் ஆஸ்பத்திரியில் இருமுனையக் கோளாறு (மனம் சில காலம் கட்டுமீறி எழுந்தும், சில காலம் அடியோடு விழுந்தும் போகும் நோய்) என்றார்கள். எனக்கு இருபது வயது. லித்தியம் (மனநிலையைச் சமன்செய்யும் மருந்து; இரத்தத்தில் அளவு கூடினால் நஞ்சு) கொடுத்தார்கள். மருந்து வேலைசெய்தது. அதன்மேல் எனக்கு வருத்தமில்லை.

டாக்டர்மேல்தான் கோபம். மாதாமாதம் அண்ணன் வண்டியில் மலையிறங்குவோம். டாக்டர் என் பக்கம் திரும்பமாட்டார்.

"தூங்குறாளா?"

"நல்லாத் தூங்குதுங்க சார்" என்பான் அண்ணன். நான் என்ன, அவன் கொண்டுவந்த ஆட்டுக்குட்டியா?

பிறகு கை நடுங்கியது. டம்ளர் நிற்கவில்லை. நடந்தால் கால் பின்னியது, வாந்தி வந்தது. சொன்னேன். "மாத்திரைய ஒழுங்கா முழுங்குறாளான்னு பாத்துக்கோங்க" என்றார் டாக்டர், அண்ணனிடம். அன்றுமுதல் அவன் என் நாக்குக்கு அடியில் தேடினான். கத்தினால், "மறுபடி ஆரம்பிச்சிருச்சு" என்றான்.

அடுத்த முறை தனியாகப் பஸ் ஏறினேன். துணையில்லாமல் பார்க்க முடியாது என்றார் நர்ஸ். நேரே உள்ளே போய் இரண்டு கைகளையும் டாக்டர் முன்னால் நீட்டினேன்.

"ஏனுங்க, நோவு எனக்குத்தானுங்க? என்னையக் கேளுங்க."

அன்றுதான் என் முகத்தைப் பார்த்தார். இரத்தம் எடுத்தார்கள். லித்தியம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தது. அங்கேயே படுக்கவைத்து, சலைன் ஏற்றி, மருந்தைக் குறைத்தார்கள். மன்னிப்பென்று ஒரு சொல் வரவில்லை.

இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் உங்கள் உடம்பைப் பற்றி நீங்களே சொல்லுங்கள். காதில் விழும்வரை சொல்லுங்கள்.

இப்போது கை நடுங்கவில்லை. ஆனால் பழைய உடம்பு திரும்பவில்லை. ஓர் இரவு தூக்கம் கெட்டால் மறுநாள் முழுக்க என்னையே வேவு பார்க்கிறேன். கொஞ்சம் அதிகமாகச் சிரித்துவிட்டாலும் பயமாக இருக்கிறது.

நேற்று என்னைக் கேட்காமல் அண்ணன் என் போனை நோண்டிக்கொண்டிருந்தான். பிடுங்கிக்கொண்டு நன்றாகத் திட்டினேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கண்ணு, மாத்திரை போட்டியா?"

"போட்டாச்சும்மா. இது கோவம்."