முன்சீட்டை அம்மா பிடுங்கிக்கொண்ட கதை

என் அப்பாவுக்கு யாரையும் நம்புகிற பழக்கம் கிடையாது. பால்காரர் வந்தால் அளவுச் செம்பைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வார். மளிகைக் கடையில் தராசு சும்மா இருக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் பருப்பு கேட்பார். அப்படிப்பட்ட மனிதர் வேன் வைத்து ஓட்டினால் அந்த வேன் என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

காலையில் எம். புதுப்பட்டியில் பெண்களை ஏற்றிக்கொண்டு பட்டாசுக் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு, சாயந்தரம் திரும்ப அழைத்து வருவதுதான் வேலை. அம்மாவும் அதே கம்பெனியில்தான் இருந்தாள். அந்த வேனில் பேட்டரி, ஸ்டெப்னி, ஜாக்கி என்று கழற்ற முடிந்த எல்லாவற்றிலும் சிவப்பு நகப்பாலிஷில் ஒரு பொட்டு இருக்கும். ஒர்க்‌ஷாப்பில் விட்டால் நல்லதை எடுத்துக்கொண்டு பழசை மாட்டிவிடுவார்கள், பொட்டு இருந்தால் கண்டுபிடித்துவிடலாம் என்பது அப்பாவின் ஏற்பாடு. வெடிமருந்து அள்ளுகிற கைக்கு எதற்கு நகப்பாலிஷ் என்று அம்மா அதைத் தொட்டதேயில்லை. வண்டிக்காகவே எங்கள் வீட்டில் நகப்பாலிஷ் வாங்கினோம்.

அப்பா சந்தேகப்படுகிறவர்களில் முதல் ஆள் என் மாமா. அம்மாவின் தம்பி, திருத்தங்கலில் மெக்கானிக். எப்போதோ அவர் பட்டறையில் வேனை விட்டு எடுத்தபோது ஸ்டெப்னி டயர் தேய்ந்துபோய்த் திரும்பி வந்தது என்று அப்பா சொல்வார். அது போகும்போதே தேய்ந்துதான் இருந்தது என்று அம்மா சொல்வாள். நகப்பாலிஷ் வழக்கம் அதன்பிறகுதான் வந்தது. மாமா எங்கள் வீட்டுக்கு வருவது குறைந்ததும் அதன்பிறகுதான்.

அந்த வருடம் தீபாவளிக்கு முன்னால், சீசன் சூடுபிடித்திருந்த நேரம், ஒரு சாயந்தரம் மாமா பைக்கில் வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே பேசினார். அம்மாவும் நானும் நிலைப்படியில் நின்று கேட்டோம்.

“மச்சான், தினமும் நம்ம கடையத் தாண்டித்தான போறீக. முன்னாடி இடது சக்கரத்துல டொக் டொக்னு சத்தம் வருது. பால் ஜாயிண்ட் போச்சுன்னு நினைக்கேன். ஒருநாள் கொண்டாந்து விடுங்க, மாத்திருவோம்.”

“சீசன்ல வண்டிய நிறுத்துனா ட்ரிப்ப யாரு அடிப்பா?”

“ஒருநாளுக்கு வேற வண்டி பாத்துக்கிடலாம் மச்சான்.”

அந்த ‘வேற வண்டி’யை அப்பா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மாமாவின் சிநேகிதர் ஒருவரும் வேன் வைத்திருந்தார். ட்ரிப்பை அவருக்குப் பிடித்துக் கொடுக்கத்தான் மாமா வந்திருக்கிறார் என்பதற்கு அப்பாவுக்கு வேறு சாட்சி எதற்கு?

பால் ஜாயிண்ட் என்பது எலுமிச்சங்காய் அளவுள்ள ஓர் இரும்புக் குண்டு. ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, முன்சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கவும் வளைவில் திரும்பவும் அதுதான் இடம் கொடுக்கிறது. நம் தொடை எலும்பு இடுப்பில் பொருந்தியிருக்கிற மாதிரி. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று எனக்குப் புரிந்தது மாமா கடைசியாகச் சொன்னது மட்டும்தான்.

“கழண்டுச்சுன்னா சக்கரம் அப்படியே மடங்கிரும் மச்சான். வண்டி இடது பக்கமாச் சாஞ்சு உக்காந்துரும்.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் சட்டைப்பையில் எனக்கு எப்போதும் மிட்டாய் இருக்கும் என்பதால் நானும் ஆசையாகப் பார்த்தேன். அன்று மிட்டாய் இல்லை. எனக்கும் அவர்மேல் லேசாகச் சந்தேகம் வந்தது.

அந்த வேனில் டிரைவருக்கு இடதுபக்கம் உள்ள முன்சீட்டு என்னுடையது. பெண்களைக் கம்பெனியில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தில் விடுவார். ஒன்றாம் வகுப்பிலிருந்து அப்படித்தான். அம்மா ஒருநாளும் முன்னால் உட்கார்ந்ததில்லை. பின்னால் கூட்டாளிகளோடு நெருக்கியடித்து உட்கார்ந்து, சிரித்துக் கும்மாளம் போட்டுக்கொண்டு வருவாள். முன்சீட்டில் நான் மகாராணி. பொறி பறக்கும் என்று கம்பெனிக்குள் விடாத போனையும் கொலுசையும் பெண்கள் வாசலிலேயே பையில் போட்டு என் மடியில்தான் வைப்பார்கள். அப்பாவிடம் தரமாட்டார்கள், அவர் எண்ணிப் பார்க்கச் சொல்வார் என்று.

மாமா வந்துபோன மறுநாள் காலை நான் பையைத் தூக்கிக்கொண்டு ஏறப் போனேன். அம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“நீ இனிமே மினிபஸ்ல போ பாப்பா.”

“ஏம்மா?”

“போன்னா போ.”

சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். என் சீட்டில்! நான் அழுதேன், தரையில் புரண்டேன். பையை வேன் டயரில் வீசி அடித்தேன். அம்மா கண்ணாடி வழியாகப் பார்த்தாள், இறங்கவில்லை. அப்பாவுக்கே ஆச்சரியம். “என்ன புள்ள, புதுசா முன்னாடி?” என்று கேட்டார். “பின்னாடி ஒரே வேக்காடு. இங்கன காத்து வருது” என்றாள். அதை நான் அப்படியே நம்பினேன். காற்றுக்கு ஆசைப்பட்டுப் பெற்ற பிள்ளையை மினிபஸ்ஸில் நசுங்க விட்டுவிட்டாள் என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு வாரம் அவள் கையால் தலை பின்னிக்கொள்ளவில்லை.

அம்மா முன்னால் உட்கார்ந்ததும் வேனின் வேகம் குறைந்துவிட்டது. பள்ளம் வந்தால் “மெதுவா”, வேகத்தடை வந்தால் “மெதுவா”, லாரி எதிரே வந்தால் “ஒதுங்கி நில்லுங்க” என்று அவள் வாய் ஓயாது. முன்பு பின்னாலிருந்து சொன்னால் அப்பாவுக்குக் கேட்காது. பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் கேட்காமல் என்ன செய்வார். பெண்கள் எல்லாரும் நேரம் கழித்துப் போய் இறங்கினார்கள். ஃபோர்மேன் அப்பாவைக் கூப்பிட்டு, இப்படியே போனால் வேறு வேன் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். அவரும் ‘வேற வேன்’ என்கிறாரே! மச்சினன் கம்பெனி வரைக்கும் போய்ப் பேசியிருக்கிறான் என்று அப்பா வீட்டில் கத்தினார்.

சிவகாசியில் இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டினார். அவரும் பால் ஜாயிண்ட் என்றார். அவரும் மாமாவும் ஒரே டீக்கடையில் டீ குடிக்கிறவர்கள் என்பது அப்பாவுக்கு ஞாபகம் வந்தது. மூன்றாவதாக ஒருவர் கிரீஸ் அடித்தால் போதும் என்றார். அவரை மட்டும் அப்பா தங்கமான மனிதர் என்றார். கிரீஸ் அடித்தும் டொக் டொக் நிற்கவில்லை, அம்மாவின் ‘மெதுவா’வும் நிற்கவில்லை. கடைசியில் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். மாமாவிடமே வண்டியை விடுவது. அவர் பழசையே துடைத்து மாட்டுவார், அப்போது கையும் களவுமாகப் பிடிப்பது.

கம்பெனி லீவு விட்ட ஞாயிற்றுக்கிழமை அது. காலையில் அப்பா வண்டிக்கு அடியில் படுத்து நகப்பாலிஷ் பொட்டு வைத்தார். சாட்சிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் இருவரும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மாமாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாமா ஸ்பானரைத் தொடவே இல்லை. சீட்டுகளைக் கழற்றி, தரையில் விரித்திருந்த ரப்பர் மேட்டை உருவிப் போட்டு, ஹோஸ் பைப்பால் வண்டியைக் கழுவ ஆரம்பித்தார்.

“மாப்ளே, பால் ஜாயிண்ட் சீட்டுக்கு அடியிலயா இருக்கு?”

“கம்பெனி வண்டி மச்சான். சேலையில ஒட்டிக்கிட்டு வர்ற மருந்து மேட்டுக்கு அடியில கெடக்கும். சுத்தியல் வச்சு அடிக்கணும், பொறி பறக்கும்.”

“நான் தினமும் கூட்டுதேன்.”

“அப்படித்தான் எல்லாரும் சொல்லுதாக” என்று மாமா தண்ணீரைத் திருப்பிவிட்டார். தரையிலிருந்து வெள்ளி கலந்த சாம்பல் நிறத்தில் தண்ணீர் ஓடிவந்தது. அப்பா காலை மட்டும் தூக்கிக்கொண்டார்.

பிறகுதான் சக்கரம் கழன்றது. மாமா நட்டை எடுத்துவிட்டு, பெரிய சுத்தியலால் பக்கவாட்டில் ஓங்கி அடித்தார். எங்கள் ஊரில் இரும்பும் இரும்பும் மோதினால் பிள்ளைகள் காதைப் பொத்தமாட்டோம், பின்னால் நகர்ந்துவிடுவோம். நானும் ஸ்டூலோடு நகர்ந்தேன். நாலு அடியில் பிடி விட்டது. கையைத் துடைக்க மாமா பக்கத்தில் அச்சு பிசகிய காலண்டர் தாள் கட்டு இருந்தது. அதில் சாமி படம் உள்ளதை ஒதுக்கிவிட்டு தேதித் தாளை மட்டும் எடுத்துத் துடைத்தார். இடதுபக்கம் முடித்துவிட்டு வலதுபக்கத்தையும் கழற்றினார். கெட்டது ஒன்று, கழற்றுவது இரண்டா என்று அப்பா என் காதில் முணுமுணுத்தார்.

எல்லாம் முடிந்ததும் அப்பா டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போனார். உள்ளேயிருந்து ஒரு சத்தம்.

“பாப்பா, வந்து பாரு!”

நான் தவழ்ந்துபோய்ப் பார்த்தேன். இடதுபக்கம் சிவப்புப் பொட்டு பளிச்சென்று இருந்தது. அப்பா கிரீஸ் முகத்தோடு வெளியே வந்து கூத்தாடினார்.

“பழசையே தொடச்சு மாட்டிட்டீகளே மாப்ளே! பெத்த பிள்ளையே சாட்சி!”

மாமா குனிந்து பார்த்தார். “மச்சான், நீங்க பொட்டு வச்சது ஸ்டியரிங் கம்பியோட முனையில. அது இப்படித்தான் இருக்கும். பால் ஜாயிண்ட் அதுக்குக் கீழ.”

“மாட்டிக்கிட்டதும் பேர மாத்துதீகளா?”

அந்த நேரத்தில்தான் அம்மா தூக்குவாளியில் எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. காலண்டர் தாளில் கிடந்த பழைய பால் ஜாயிண்டை எடுத்தாள். கிழிந்த ரப்பருக்குள்ளிருந்து துருத் தண்ணீர் அவள் விரலில் வழிந்தது. ஒரு கையில் கிண்ணத்தைப் பிடித்து, மறு கையால் தண்டை இழுத்தாள். பாட்டில் மூடி மாதிரி, குண்டு தனியாகக் கையோடு வந்துவிட்டது. அதை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

அப்பா மாமாவைப் பார்க்கவில்லை. வண்டியின் முன்சீட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

மாமாவுக்குத்தான் கோபம் வந்தது, அதுவும் அம்மாமேல். “ஏக்கா, இடதுபக்கம்னு அம்புட்டு சொன்னேன். தெரிஞ்சேதான் போயி அங்கன உக்காந்தியா? உனக்கு என்ன கிறுக்கா?”

“நான் உக்காந்தாத்தாம்ல அவுக மெதுவா ஓட்டுவாக” என்றாள் அம்மா. “பின்னாடி அம்புட்டுப் பேரு இருக்காகள்ல.”

சொல்லிவிட்டுத் தூக்குவாளியைத் திறந்தாள். எனக்கு அது வெறும் பெருமையாகத்தான் பட்டது. தான் சொன்னால் அப்பா கேட்பார் என்று தம்பியிடம் பீற்றிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். அன்று அப்பா சாப்பிடவில்லை. மாமா வற்புறுத்தியும் சாப்பிடவில்லை. நகப்பாலிஷ் பாட்டிலை மாமா கடை வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார்.

மறுநாள் காலை நான் மினிபஸ்ஸுக்குக் கிளம்பியபோது அம்மா கூப்பிட்டாள். முன்சீட்டுக் கதவைத் திறந்துவிட்டு, “ஏறு” என்றாள்.

“நீ?”

“எனக்குக் காத்து ஒத்துக்கிடல.”

அவள் பின்னால் போய்த் தன் கூட்டாளிகளுக்கு நடுவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்துகொண்டாள். நான் என் ராஜ்ஜியத்துக்குத் திரும்பிவிட்டேன். கடைசியில் ஜெயித்தது நான்தான் என்று எனக்கு ஒரே குஷி. வேன் கிளம்பியது. டொக் டொக் இல்லை. திருத்தங்கல் பள்ளங்கள் வந்தன, போயின, வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது.

ஆனால் அப்பா மெதுவாகத்தான் ஓட்டினார். அம்மா முன்னால் இருந்தபோது ஓட்டியதைவிட மெதுவாக. யாரும் ‘மெதுவா’ என்று சொல்லவில்லை. மேல்கண்ணாடியில் அடிக்கடி பின்னால் பார்த்துக்கொண்டார். பெண்களை இறக்கிவிட்டபிறகும் வேகம் கூடவில்லை. நான் பள்ளிக்கூடத்துக்கு நேரம் கழித்துத்தான் போனேன். டீச்சர் ஏன் என்று கேட்டார்.

எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. எங்கள் மாமா வண்டியைச் சரியாகப் பார்க்கவில்லை டீச்சர், ஏமாற்றிவிட்டார் என்று சொன்னேன்.