கப்பல்துறை வீதியில் நான் பிடித்த பை

அண்ணாவின் ஆண்டுத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு என் மகள் சைக்கிளோட்டத்தில் விழுந்து தோள் எலும்பு முறிந்ததற்கு அண்ணா காரணமல்லர். நான்தான் காரணம். செத்த வீட்டிலும் பிறகு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியிலும் நீங்கள் கதைத்த கதை பிழை. பிழை என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் பந்தி பரிமாறிக்கொண்டு நின்றவன் நான்.

மலரை அச்சுக்குக் கொடுக்கும் பொறுப்பை எடுத்த மச்சான் இந்தப் பத்தியை வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“மலரில ஆக்கள் பிறப்பு வளர்ப்பைத்தானே எழுதுறவை. இது பொலிசுக்குக் குடுக்கிற வாக்குமூலம் மாதிரிக் கிடக்கு.”

“பிறப்பு வளர்ப்பும் எழுதுறன். முதல் இது இருக்கட்டும்.”

இருக்கிறது.

அண்ணா கப்பல்துறையில், கண்டி வீதியோரத்தில் பிறந்தார். எங்கள் வீட்டில் நாங்கள் இருவர்தான். அப்பா சீனன்குடா எண்ணெய்த் தாங்கி வளாகத்தில் வேலை செய்தவர். கறுப்புச் சைக்கிள் ஒன்றில் போய் வருவார். எங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனதும் அதே சைக்கிள்தான். முன்பாரில் அண்ணா, பின்கரியரில் நான். பிரச்சினைக் காலம் தொடங்கியபோது அந்த வீதியில் இராணுவக் காவலரண்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு கடந்து, பிறகுதான் ஏறலாம். ஒருநாள் அடைமழை. அப்பா தலையைக் குனிந்து மிதித்துக்கொண்டு வந்ததில் இறங்க மறந்துபோனார். சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும்படி அவருக்குச் சொல்லப்பட்டது. மழை விடும் வரை நின்றார். அண்ணாவுக்கு அப்போது பதினாறு வயது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து அந்தச் சைக்கிளைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டுச் சாத்தி வைத்தார்.

அப்பா காலமான பிறகு அண்ணா இத்தாலிக்குப் போனார். போன கதை பெரியது, கஷ்டமான கதை. அவர் அதை யாருக்கும் சொல்ல விரும்பியதில்லை, ஆகவே நானும் எழுதவில்லை. அங்கே முதலில் ஒரு முதியவரைப் பராமரித்தார். பிறகு வடக்கே மலையடிவாரத்தில் ஒரு விடுதியின் குசினியில் சட்டி கழுவினார். அந்த விடுதிக்கு ஒவ்வொரு வசந்த காலத்திலும் தொழில்முறைச் சைக்கிளோட்ட அணி ஒன்று வந்து தங்கிப் பயிற்சி எடுக்கும். ஒருமுறை சமையற்காரர் காய்ச்சலில் படுத்துவிட, ஓட்டக்காரர்களுக்குச் சோறு காய்ச்சும் வேலை அண்ணாவிடம் வந்தது.

இத்தாலியில் சைக்கிளோட்டக்காரர்கள் ஓடிக்கொண்டே சோறு சாப்பிடுவார்கள் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. ஐந்து ஆறு மணித்தியாலம் மிதிப்பவர்களுக்குப் பாண் மட்டும் வயிற்றில் நிற்காது. சோற்றைக் குழைய வேகவைத்து, பாலாடைக்கட்டியும் சீனியும் சேர்த்து, தட்டில் அழுத்தி, துண்டு துண்டாக வெட்டி வெள்ளித்தாளில் சுற்றுவார்கள்.

“எங்கட பொங்கல் புக்கைதான் தம்பி,” என்றார் தொலைபேசியில். “சக்கரை குறைவு. அவ்வளவுதான் வித்தியாசம். இவங்களுக்கு இவ்வளவு காலமும் ஒழுங்காக் குழையவிடத் தெரியேல்ல.”

அந்த அணி அவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதற்குப் பிறகு பதினான்கு ஆண்டுகள் அவர் பார்த்த வேலை என்னவென்று உங்களில் பலர் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். செத்த வீட்டில் மாமா, எல்லோர் காதிலும் விழத்தக்கதாகவே கேட்டார். “இத்தாலியில போய் என்னத்தைக் கண்டவன்? சைக்கிள்காரங்களுக்குச் சோத்துப் பார்சல் கட்டினவன். கலியாணமுமில்லை, ஒண்டுமில்லை.”

ஓம் மாமா, சோற்றுப் பார்சல்தான் கட்டினார். அதை எப்படிக் கட்டினார், எப்படிக் கொடுத்தார் என்பதைச் சொல்கிறேன்.

மே மாதத்தில் இத்தாலியைச் சுற்றி மூன்று வாரம் நடக்கும் ஜிரோ ஓட்டத்தில், நாளுக்கு ஒருதடவையாவது வீதியோரத்தில் உணவு கொடுப்பதற்கென்று ஓரிடம் குறித்திருப்பார்கள். அங்கே அண்ணா நிற்பார். நீண்ட வாருடைய துணிப்பைக்குள் சோற்றுப் பார்சலும் தண்ணீர்ப் போத்தலும் இருக்கும். வாரின் நுனியை இரண்டு விரலால் பிடித்துக் கையை நீட்ட வேண்டும். ஓட்டக்காரன் வரும் திசையிலேயே தானும் நாலடி நடக்க வேண்டும். அவன் வாருக்குள் கையைக் கொளுவிய அந்தக் கணத்தில் விரலைத் திறந்துவிட வேண்டும். பை அவனோடு போய்விடும். மோட்டார் சைக்கிள் வேகத்தில் வருகிறவன். ஒரு கணம் பிந்தினால் அவன் நிலத்தில் கிடப்பான். புதிதாக வருபவர்கள் பை விழுந்துவிடுமென்ற பயத்தில் வாரை மணிக்கட்டில் சுற்றிப் பிடிப்பார்களாம். “பயந்தவன் பை குடுக்கக் கூடாது,” என்பார் அண்ணா.

முன்னே வரும் பெரிய பெயர்களைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. ரோஸ் நிற மேலாடை போட்ட வெற்றியாளருடன் நின்று எடுத்த படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. அவருக்குப் பிடித்தவர்கள் ‘கிரெகாரியோ’ என்று அங்கே சொல்லப்படும் துணை ஓட்டக்காரர்கள். தலைவனுக்கு முன்னால் போய்க் காற்றைத் தன் நெஞ்சில் வாங்கி, பின்னால் போய்த் தண்ணீர் எடுத்து வந்து, கடைசியில் ஊர் பேர் தெரியாமல் வந்து சேர்கிறவர்கள். மலை நாட்களில் அவர்கள் அரைமணித்தியாலம் பிந்தி வருவார்கள். குறித்த நேரத்துக்குள் எல்லையைத் தாண்டாவிட்டால் அடுத்த நாள் ஓட முடியாது. முன்வரிசை போனதும் மற்ற அணிக்காரர்கள் வாகனத்தில் ஏறிவிடுவார்கள். அண்ணா தன் அணியின் கடைசி ஆள் வரும் வரைக்கும் பையோடு நிற்பார். ஒருமுறை ஆலங்கட்டி மழையில் ஒருவன் அழுதுகொண்டு வந்தானாம். “பையை வாங்கேக்கை அம்மா எண்டான் தம்பி. எந்தப் பாஷையிலயும் அது அப்பிடித்தான் கேக்கும்.”

எல்லாவற்றிலும் அவர் அடிக்கடி சொன்னது இன்னொன்று. “இஞ்ச சைக்கிள் வருகுதெண்டா, பொலிஸ்காரன் முன்னால வந்து கார், லொறி எல்லாத்தையும் ஓரங்கட்டுறான். எங்கட அப்பாவை இறக்கி உருட்டச் சொன்னாங்கள். இஞ்ச சைக்கிளுக்காக ஊரையே நிப்பாட்டுறாங்கள்.”

அம்மாவின் கடைசிக் காலத்தில் அண்ணா ஊர் திரும்பினார். அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, வழியனுப்பி வைத்தவர் அவர்தான். நான் வேலையைக் காரணம் சொன்னேன். பிறகு எங்கள் வீட்டின் பக்க அறையிலேயே இருந்துவிட்டார். பின்னேரங்களில் கதிரையைப் போட்டுக்கொண்டு கைத்தொலைபேசியில் இத்தாலிய ஓட்டம் பார்ப்பார். என் மகள் சைக்கிள் ஓடத் தொடங்கியது அவரால் அல்ல. அவள் பாடசாலை விளையாட்டுத்துறை ஆசிரியையால். அண்ணா அவளுக்கு ஒன்றுமே சொல்லிக் கொடுக்கவில்லை. “எனக்கு ஓடத் தெரியாது பிள்ளை, சோறு குடுக்கத்தான் தெரியும்,” என்பார்.

நான் பயந்த சுபாவமுடையவன். அவள் பஸ்ஸில் ரியூசனுக்குப் போனாலே இரண்டு தரம் தொலைபேசி எடுப்பேன். சென்ற ஆண்டு மாகாணமட்ட ஓட்டம் கண்டி வீதியில் என்றபோது, பையை நானே கொடுக்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். யாரோ ஒருவருடைய கையிலிருந்து அவள் வாங்குவதை என் மனம் ஏற்கவில்லை. அண்ணா முற்றத்தில் மூன்று நாள் எனக்குப் பழக்கினார். அவரே எங்கள் பழைய சைக்கிளில் வந்து என் கையிலிருந்து பையை வாங்குவார்.

“ரெண்டு விரல். சுத்தாத.”

“சுத்தேல்ல அண்ணா.”

“சுத்துறாய். நூல்கட்டி ஆட்டை மேய்க்கிற மாதிரி நிக்கிறாய்.”

ஓட்டத்தன்று கப்பல்துறை வளைவுக்கு அப்பால் நான் பையோடு நின்றேன். இருபது அடி தள்ளித் தண்ணீர்ப் போத்தலோடு அண்ணா. மகள் நான்காவதாக வந்துகொண்டிருந்தாள். பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது. என்னையறியாமல் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டேன். அவள் கையைக் கொளுவினாள். நான் விடவில்லை.

அவள் விழுந்த சத்தத்தை எழுத என்னால் ஏலாது.

அண்ணா ஓடி வந்து அவளைப் பார்த்தார். மூச்சு இருக்கிறது, நினைவு இருக்கிறது என்று கண்டார். பிறகு என்னிடம் வந்து, இறுகிப்போயிருந்த வாரை என் மணிக்கட்டிலிருந்து கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டார். வான் வண்டியில் வந்திறங்கிய மாமா, “ஆர் இதைக் குடுத்தது?” என்று கத்தினார். “நான்தான்,” என்றார் அண்ணா. என் மணிக்கட்டில் வார் பதிந்த சிவப்புக் கோடு இருந்தது. நான் சட்டைக் கையை இழுத்து மூடினேன்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரி வாசலில் அவரிடம் சொல்ல வெளிக்கிட்டேன்.

“விடு,” என்றார். “காத்துக்கு முன்னால ஒராள் போகத்தானே வேணும். நான் ஒண்டிக்கட்டை. நீ அந்த வீட்டுக்குள்ள இருக்க வேண்டியவன்.”

நான் அதை ஏற்றுக்கொண்டேன். என் மனைவி ஆறு வாரமாக அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. தட்டைக் கதவடியில் வைத்துவிட்டு வந்துவிடுவாள். அவர் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். இதையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறாவது வாரம் அவருக்கு நெஞ்சு வலித்தது. வைத்தியசாலையில் மூன்று நாள் இருந்தார். குற்ற உணர்ச்சியால் நெஞ்சு வெடித்துச் செத்தார் என்று கதைத்தவர்களுக்குச் சொல்கிறேன். அவருடைய இரத்தக் குழாய்கள் பல ஆண்டுகளாக அடைபட்டிருந்தன, அது அவருக்குத் தெரிந்திருந்தது என்று வைத்தியர் என்னிடம் சொன்னார். செய்யாத குற்றத்துக்கு யாருக்கும் நெஞ்சு வெடிப்பதில்லை. கடைசிப் பின்னேரம் என் தொலைபேசியில் ஓட்டத்தைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். வென்றவன் யாரென்று கேட்கவில்லை. “கடைசி ஆள் நேரத்துக்குள்ள வந்திட்டானோ?” என்றார். வந்துவிட்டான் என்றேன். எனக்குத் தெரியாது. ஆனால் வந்துவிட்டான் என்றுதான் சொன்னேன்.

மகளின் சைக்கிளை நான் சாமான் அறையில் பூட்டித் திறப்பை என் சட்டைப் பையில் வைத்திருந்தேன். கடந்த மாதம் இந்த ஆண்டு ஓட்டத்துக்கான கடிதம் வந்தது. ஏலாது என்றேன்.

“ஏன் ஏலாது?”

“போன முறை நடந்தது காணாதோ?” என்று குசினிக்குள்ளிருந்து மனைவி கேட்டாள். “பெரியப்பா பை குடுத்த வடிவைத்தான் பாத்தனாங்களே.”

“பெரியப்பா தரேல்ல அம்மா,” என்றாள் மகள். பிறகு என்னைப் பார்த்தாள். “இதுக்கு மேல நான் சொல்ல மாட்டன். அப்பா தானாச் சொல்லுவார், அதுவரைக்கும் நீ பொறு எண்டு பெரியப்பா கேட்டவர். நான் ஒரு வருசமாப் பொறுத்திட்டன்.”

சொன்னேன். மனைவி ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, பக்க அறைக் கதவடியில் போய் இருந்தாள், தட்டு வைக்கும் அந்த இடத்தில். பிறகு எழுந்து வந்து, “வெள்ளித்தாள் வாங்கிக்கொண்டு வாங்கோ,” என்றாள்.

மழையால் தள்ளிப்போன ஓட்டம் அண்ணாவின் திவசத்தன்று காலையில் வந்து பொருந்தியிருக்கிறது. திவசத்தன்று பொம்பிளைப்பிள்ளை வீதியில் சைக்கிள் ஓடுவதா என்று தொலைபேசியில் கேட்டீர்கள். ஓம், ஓடுவாள். ஐயர் ஏழு மணிக்கு முன் கிரியைகளை முடித்துத்தர இணங்கியிருக்கிறார். இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது ஓட்டம் முடிந்திருக்கும். அன்று காலை கண்டி வீதியால் வந்த உறவினர்கள் கப்பல்துறையில் மறிக்கப்பட்டு வெயிலில் நின்றிருப்பீர்கள். கோபப்பட்டிருந்தால் எங்கள் அப்பா மழையில் நின்ற இடம் அதுதான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இந்த முறை அந்த வீதியில் சைக்கிள் போக வாகனங்கள் நின்றிருக்கும்.

நன்றி சொல்லும் கடமை இருக்கிறது. அண்ணாவை மூன்று நாளும் பார்த்த வைத்தியருக்கும் தாதியருக்கும், நொறுங்கிய சைக்கிளைக் கிண்ணியாவில் தன் கடையில் நிமிர்த்தி, இவ்வளவு காலமும் “பிள்ளை எப்ப ஏறுறா?” என்று மட்டுமே விசாரித்துக்கொண்டிருந்த, நாங்கள் நானா என்றழைக்கும் முஸ்லிம் பெரியவருக்கும், ஐயருக்கும், திருத்தம் செய்யாமல் இதை அச்சிடக் கொடுத்த மச்சானுக்கும், ஒரு வருடம் பொறுத்த என் மகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமாவுக்கும் நன்றி. அன்று பிள்ளையை வான் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர். அவருடைய கேள்விக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் மேலே இருக்கிறது.

இந்த மலரோடு உங்கள் கையில் தரப்பட்டிருக்கும் வெள்ளித்தாள் பொட்டலம் அண்ணாவின் சோறு. படையலில் வைத்து எடுத்தது. ஒரு மூலை நிமிர்ந்திருக்கும். ஒற்றைக் கையால் பிடித்துப் பல்லால் இழுத்தால் பிரியும், அப்படித்தான் அவர் சுற்றுவார். இன்று காலை நான் வீதியில் நீட்டிய பையிலும் இதே சோறுதான் இருந்திருக்கும்.

இதை எழுதும்போது ஓட்டத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. முற்றத்தில் மனைவி பழைய சைக்கிளில் வந்து பை வாங்கிப் பழக்குகிறாள். எனக்கு இன்னும் பயம்தான், ஆனால் விரல் திறக்கிறது. மகள் எத்தனையாவதாக வந்தாள், விழுந்தாளா, நேரத்துக்குள் வந்தாளா என்பது எனக்கு இப்போது தெரியாது. நீங்கள் வாசிக்கும்போது அவள் உங்களுக்கு நடுவேதான் எங்கேயாவது இருப்பாள். அவளிடமே கேளுங்கள். என்னிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான், நான் விட்டேனா என்று.