எழுந்திருக்கச் சொன்ன நாற்காலி

தெருவில் எல்லோருக்கும் அவர் குஷன்காரர். பெயரைச் சொல்லி விசாரித்தால் எதிர்வீட்டுக்காரரே திருதிருவென்று முழிப்பார். நாற்காலிச் சட்டத்தில் ஸ்பிரிங் கட்டிப் பஞ்சு வைப்பது அவர் வேலை. தோலை வெட்டித் தைப்பது அவர் மனைவியின் வேலை. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பேசாமல் கிடந்த நாட்களில்கூட இருவருக்கும் நடுவே வேலை மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கும்.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதுகுச் சாய்மானத்தின் கீழ்மூலையில், மெஷின் தையல் முடிகிற இடத்தை, கையால் இன்னொரு சுற்றுத் தைத்து இறுக்குவாள். விரலால் தடவினால் சின்ன முண்டு தட்டுப்படும்.

"அங்க யாரு பாக்கப் போறா? நேரத்த வீணாக்காத."

"யாரும் பாக்க வேணாங்க. சாயறவங்க முதுகுக்குத் தெரியும்."

ஒருமுறை ஊரின் பெரிய ஹோட்டலில், பாருக்கு நாற்காலிகள் கேட்டார்கள். இறக்கிவைக்க இருவருமே பின்வாசல் வழியாகப் போனார்கள். காதைப் பிய்க்கும் தெரு இரைச்சல் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. மங்கலான விளக்கு, துடைத்துத் துடைத்துப் பளபளத்த கவுண்டர். ஒரு மேசையில் யாரோ ஒருவர் எதிரே ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு அதுதான் ஆச்சரியம். கல்யாணமான நாளிலிருந்து அவள் சும்மா உட்கார்ந்து யார் பார்த்தார்கள்?

தான் தைத்த நாற்காலி ஒன்றில் மெல்ல உட்கார்ந்து, கண்ணை மூடிச் சாய்ந்தாள்.

"என்னங்க, ஒரு நாள் நாமளும் வரலாமா? எனக்கு ஒரு எலுமிச்சை சோடா போதும். யாராவது தட்டுல வச்சுக் கொண்டாந்து குடுக்கணும்."

"வரலாம், வரலாம். இப்ப எந்திரி. சீட்டு அழுக்காயிடும்."

புடவையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டு, அவள் சட்டென்று எழுந்துவிட்டாள். அப்புறம் அவள் கேட்கும்போதெல்லாம், "கைல இருக்கிற வேல முடியட்டும்" என்பார். வேலை என்றைக்கு முடிந்திருக்கிறது? காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

அவள் போன பிறகு, அந்த ஹோட்டலே பழைய நாற்காலிகளுக்குப் புதுத் தோல் போடச் சொல்லி அனுப்பியது. அழுதுகொண்டிருந்தால் அடுப்பு எரியாது என்று தைப்பதற்குக் கூலி ஆள் வைத்தார். பழைய தோலைக் குறடால் பிய்த்துக் குப்பைச் சாக்கில் போடுவது எப்போதும் செய்கிற வேலை. கை பாட்டுக்குச் செய்தது. புதுத் தோல் போட்டு முடித்த நாற்காலியின் கீழ்மூலையைத் தடவிப் பார்த்தபோதுதான், கட்டைவிரல் எதிலும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. அவள் கையால் தைத்ததையெல்லாம் தன் கையாலேயே பிய்த்து எறிந்திருக்கிறார். தெருமுனைக் குப்பைத்தொட்டிக்கு ஓடினார். லாரி வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தது.

நாற்காலிகளை அனுப்பிவைத்த மறுநாள் மாலை, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஹோட்டலின் முன்வாசல் வழியாகப் பாருக்குள் போனார். ஏதாவது ஒரு நாற்காலி தப்பியிருக்காதா என்ற நப்பாசை. ஒவ்வொன்றின் முதுகையும் தடவிக்கொண்டே போனவரைப் பார்த்து, கவுண்டரில் நின்ற பார்காரர் பக்கத்தில் வந்தார்.

"என்ன சார் தேடறீங்க?"

"பழைய தோலு போட்டது ஒண்ணாவது மிச்சம் இருக்கா தம்பி? எம் பொண்டாட்டி தச்சது."

பார்காரர் கவுண்டருக்குப் பின்னாலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். "கால் வலிச்சா நான் உக்காருறது சார். முதுகுக்கு அவ்வளவு எதமா இருக்கும். அனுப்ப மனசு வரல."

குஷன்காரர் குனிந்து மூலையைத் தடவினார். முண்டு தட்டியது. மெதுவாக உட்கார்ந்து சாய்ந்தார். அவள் சொன்னது நிஜம்தான், முதுகுக்குத் தெரிந்தது.

எலுமிச்சை சோடா கேட்டார். தட்டில் வைத்துக் கொண்டுவந்து, பூப்போல மேசையில் வைத்தார் பார்காரர். அதைப் பார்த்ததுதான் தாமதம், பொலபொலவென்று அழுகை வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். நல்ல பாரில் அந்த மரியாதை உண்டு. கண்ணீர் தோலில் சொட்டுவதைக் கண்டதும் குஷன்காரர் பதறி எழப் போனார்.

"ஐயோ, சீட்டு அழுக்காயிடும்."

பார்காரர் அவர் தோளை லேசாக அழுத்தினார். "அழுக்கானா தொடச்சுக்கலாம் சார். நீங்க உக்காருங்க."

அவ்வளவுதான். இதை அவளிடம் சொல்ல அன்றைக்கு அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவர் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோடாவை அவர் குடிக்கவில்லை.