தவமணி டீச்சரும் சேலை கட்டிய வன்கூடும்

எங்கள் பழைய மாணவி கலைவாணி தொலைபேசியில் அழைத்தபோது நான் மாத்தளைச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "சேர், மிஸ் போயிட்டாங்க," என்றாள். எந்த மிஸ் என்று நான் கேட்கவில்லை. பொறுக்கியதை அப்படியே போட்டுவிட்டு, குடையைக் கடையிலேயே மறந்து, மழையில் வீட்டுக்கு நடந்தேன்.

தவமணி டீச்சர் பருத்தித்துறையைச் சேர்ந்தவர். எழுபதுகளின் நடுப்பகுதியில் உயிரியல் ஆசிரியையாக மாற்றலாகி எங்கள் பெண்கள் பாடசாலைக்கு வந்தார். இரண்டு வருடத்தில் ஊருக்குப் போய்விடுவேன் என்று எல்லோரிடமும் சொன்னார். ஓய்வு பெறும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் அங்கே சைவசமயம் கற்பித்தேன். அவருக்கு என் பாடத்தின்மீது பொறாமை. "உங்கட ஆன்மாவைப் படம் கீறிப் பெயர் குறிக்கச் சொல்லிப் பரீட்சையில கேக்கமாட்டினம் மாஸ்டர். குடுத்து வைச்சனீங்கள்," என்பார்.

எண்பதுகளில் எங்கள் பாடசாலையில் உயர்தர விஞ்ஞான வகுப்பு தொடங்கியது. அதற்கு முன் விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்ட தமிழ்ப் பிள்ளைகள் கண்டிக்குத்தான் போகவேண்டும். அந்தப் போர்க்காலத்தில் பெண்பிள்ளையை அத்தனை சோதனைச் சாவடி தாண்டித் தினமும் பஸ்ஸில் அனுப்ப எந்தப் பெற்றோருக்குத் துணிவு வரும்? வகுப்பில் விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளே இருந்தார்கள். இன்னும் இரண்டு பேர் குறைந்தால் வகுப்பை மூடிவிடுவோம் என்று கல்வி அலுவலகம் சொல்லியிருந்தது. டீச்சர் அதைக் கேட்ட நாளிலிருந்து பிள்ளைகளைக் கோழி குஞ்சைக் காப்பதுபோல் காத்தார்.

வன்கூட்டை, அதுதான் எலும்புக்கூட்டை, படத்தில் காட்டிக் கற்பிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. கண்டியில் வயதான டொக்டர் ஒருவர், தாம் படித்த காலத்து உண்மையான மனித வன்கூட்டைத் தருவதாகச் சொன்னார். டீச்சர் தனியாகப் போய், என்புகளைப் பயணப்பையில் அடுக்கி, மண்டையோட்டை மேலே வைத்து பஸ் ஏறினார். வழியில் சோதனை. பையைத் திறந்த சிப்பாய்ப் பையன் வெளிறிப்போய், "இது யார்?" என்று சிங்களத்தில் கேட்டானாம்.

"எனக்கும் தெரியாது மகன்," என்று டீச்சரும் சிங்களத்திலேயே சொல்லி, அதிபரின் கடிதத்தை நீட்டியிருக்கிறார். அவன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பையைத் தானே மூடிக் கொடுத்தான். அதன்பின் மாத்தளை வரும்வரை அவர் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. "உந்த பஸ்ஸில முதல்தரம் காலை நீட்டிக்கொண்டு வந்தனான்," என்று மறுநாள் ஆசிரியர் அறையில் பெருமைப்பட்டார்.

என்புகளைக் கம்பியில் கோத்து ஆய்வுகூட மூலையில் நிறுத்தியதும் செய்தி ஊருக்குள் பரவியது. கோயில் தர்மகர்த்தாவாகவும் இருந்த துணிக்கடைச் சண்முகம் முதலாளி மற்றப் பெற்றோரையும் திரட்டிக்கொண்டு அதிபரின் அறைக்கு வந்தார். அவருடைய மகள்தான் கலைவாணி.

"கருமாதி பண்ணாத பொணத்தோட எங்க புள்ளைங்க எப்படிங்க ஒரே ரூம்ல உக்காரும்? நாளையிலருந்து அனுப்ப மாட்டோம்," என்றார்.

சமயம் படிப்பிக்கிறவன் என்பதால் அதிபர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். வகுப்பு போய்விட்டது என்றுதான் நினைத்தேன். டீச்சர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தால், அவர் மெதுவாக, "அப்ப செய்வம். இவ்வளவு நாளும் அந்தச் சீவனுக்கு ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லைத்தானே," என்றார்.

செய்வது என்று முடிவானதும், எதைச் செய்வது என்ற சண்டை தொடங்கியது. யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்றார்கள். எங்கள் மாத்தளை ஆட்கள் பதினாறாம் நாள் கருமாதி என்றார்கள். ஆள் செத்த நாளே தெரியாததால் இரண்டு கட்சியும் தோற்கவில்லை. பாடசாலை இல்லாத சனிக்கிழமையில் வைத்துக்கொண்டோம்.

முதலாளி தன் கடையிலிருந்து நல்ல கரை வேட்டி ஒன்று கொண்டுவந்து, அம்மணமாக நின்ற வன்கூட்டுக்குத் தானே கட்டிவிட்டார். கிரியை செய்யும் ஐயா பெயர் கேட்டபோது, "ராமசாமின்னு வச்சுக்கங்க," என்றார். ராமசாமிக்குப் பாதி மந்திரம் முடிந்த வேளையில், தண்ணீர் எடுக்கப் போயிருந்த டீச்சர் உள்ளே வந்தார்.

"இதார் வேட்டி கட்டினது?"

"ஆம்பளைக்கு வேட்டிதானே டீச்சர் கட்டணும்?" என்றார் முதலாளி.

டீச்சர் விடுவிடென்று போய் வேட்டியை உருவினார். ஆண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சுவர்ப்பக்கம் திரும்பினோம். ஏன் திரும்பினோம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"திரும்புங்கோ மாஸ்டர், இது இடுப்பென்பு. இந்த வாசல் எவ்வளவு அகலம் எண்டு பாருங்கோ. பிள்ளை பிறக்கிற வழி. இவ பொம்பிளை."

ஐயா மந்திரத்தை நிறுத்தினார். முதலாளி வேட்டியைச் சுருட்டிக்கொண்டு கடைக்கு ஓடி, மூச்சிரைக்க நூல் சேலையுடன் திரும்பினார். ராமசாமி ராமாயி ஆனார். கிரியை முதலிலிருந்து தொடங்கியது.

எல்லாம் முடிந்தபின் ஐயா, "இனி அஸ்தியைக் கொண்டுபோய்க் கங்கையில விட்டுரணுங்க," என்றார். டீச்சரின் முகம் சுருங்கியது. கிரியையும் செய்து வன்கூட்டையும் ஆற்றில் விட்டால் வகுப்புக்கு என்ன மிஞ்சும்? அவர் ஐயாவிடம் கேட்டார்:

"உங்கட வீட்டில ஒருத்தர் செத்தால் முழு என்பையுமோ ஆத்தில விடுறனீங்கள்?"

"இல்லீங்க, சாம்பலோட நாலஞ்சு துண்டுதான்."

"அப்ப இவவுக்கும் ஒரு துண்டு காணும்." ஐயா முதலாளியைப் பார்த்தார். முதலாளி சேலை கட்டி நின்ற ராமாயியைப் பார்த்துத் தலையாட்டினார். டீச்சர் குனிந்து, இடதுகால் சின்னவிரலின் நுனி என்பைக் கழற்றி மண்முட்டியில் போட்டார். என் காதருகே, "இது பரீட்சையில வராது," என்றார். முட்டியைச் சுது கங்கைக்குச் சுமந்தவன் நான்தான்.

திங்கட்கிழமை ஒரு பிள்ளைகூடக் குறையாமல் வகுப்புக்கு வந்தார்கள். முதலாளியின் வேண்டுகோளின்படி, பாடம் இல்லாத நேரத்தில் ராமாயி சேலையோடும் திருநீற்றோடும் நின்றார். பார்வையிட வந்த அதிகாரி சேலை எதற்கு என்று கேட்க, "இது பெண்கள் பாடசாலை ஐயா, ஒழுக்கம் முக்கியம்," என்றார் டீச்சர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

வகுப்பில் யாராவது எலும்பு என்று சொன்னால், "எலும்பு இறைச்சிக் கடையில. இங்க என்பு," என்பார். தலையிலிருந்து, தோளின் காறையென்பு தொட்டு, கால்வரை என்புகளின் பெயரைப் பிள்ளைகள் தேவாரம்போல் ராகம் போட்டுச் சொல்வார்கள். பக்கத்து வகுப்பில் நான் உண்மையான தேவாரம் படிப்பிக்க முடியாமல் தவிப்பேன். அந்தப் பிள்ளைகளில் சிலர் தாதியானார்கள், சிலர் ஆசிரியையானார்கள். கலைவாணி இன்று கலேவெலப் பக்கம் அரசாங்க ஆஸ்பத்திரியில் டொக்டர்.

போன மாதம் டீச்சர் குளியலறையில் விழுந்தார். படுக்கையில் கிடந்தவரை நான் பார்க்கப் போனபோது, "தொடையென்பின்ர கழுத்து மாஸ்டர். எத்தினை தரம் கரும்பலகையில கீறின இடம்!" என்று சிரித்தார். சிரிப்பின் நடுவே வலியில் என் கையை இறுகப் பிடித்தார். அந்தப் படுக்கையிலிருந்து அவர் எழவேயில்லை. எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. இத்தனை தெரிந்தவர் ஈரத் தரையில் பார்த்து நடக்கக்கூடாதா?

தகனத்துக்கு மறுநாள் அஸ்தி எடுக்கப் போனோம். எங்கள் வழக்கத்தில் பெண்கள் சுடலைக்கு வருவதில்லை. அன்று கலைவாணியும் அவளோடு படித்தவர்களும் வரிசையாக வந்து நின்றார்கள். சண்முகம் முதலாளிதான் தடியை ஊன்றியபடி மகளைக் கூட்டி வந்திருந்தார். ஒருவரும் அவர்களைத் தடுக்கவில்லை.

மயானத் தொழிலாளி சாம்பலைக் கிளறி, வளைந்த துண்டு ஒன்றை எடுத்து, "இது விலா எலும்புங்க," என்று நீட்டினார்.

"காறையென்பு!" என்றார்கள் அத்தனை பெண்களும், ஒரே குரலில், அந்தப் பழைய ராகத்தில்.

சுடலை என்றும் பாராமல் நான் சிரித்துவிட்டேன். அவர்களும் சிரித்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஒன்றும் புரியாத தொழிலாளி, "செத்துப்போன அம்மா பெரிய டொக்டருங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க," என்றாள் கலைவாணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்க மிஸ்."

சென்று வாருங்கள், டீச்சர்.