நாலு எண்ணும் ஒத்த துவக்கு

பழைய இராணுவத் துவக்கில் எண் பொறித்த இடங்கள் நாலு: குழல், உடல், தோட்டாப் பெட்டி, பின்னால் இழுத்துத் தள்ளும் போல்ட். நாலும் ஒன்றாக இருந்தால் சேகரிப்பவரின் முகம் மலரும். ஒன்று மாறியிருந்தால் உதட்டைப் பிதுக்குவார். எண்பதுகளில் நாலு வருடம், சுவிஸில் வில் என்ற நகரத்தில் பழைய இராணுவச் சாமான் விற்கும் ஒரு கடையில் அந்த எண்களை வாசிப்பது என் வேலையாக இருந்தது. டொச் என்கிற ஜெர்மன் மொழி அரைகுறையாக விளங்க, தலையை ஆட்டியே நாளைக் கடத்தியவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். அவர்களுக்கு இது புதிதாக இராது.

சவரம்

என்னை எடுத்தது கூட்டித் துடைக்கத்தான். முதல் கிழமை முதலாளி வெர்னர் இரண்டு நாள் வெளியூர் போனார். மூலையில் மூன்று துவக்குகள் எண்ணெயும் ஊத்தையும் படிந்து கறுத்துக் கிடந்தன. இப்படி ஒரு பொருளை இன்னொருவர் கையில் கொடுப்பது வெட்கம் என்றுதான் நான் வளர்ந்தேன். சாண்ட் பேப்பரால் துவக்குகளின் மரக் கட்டைகளைத் தேய்த்து எண்ணெய் பூசினேன். அடியிலிருந்த இரும்புத் தகடுகளையும் கழற்றினேன். ஒவ்வொன்றுக்குள்ளும் மடித்த கடதாசித் துண்டு ஒன்று பழுப்பேறி இருந்தது. மூன்றையும் குப்பையில் போட்டேன்.

முதலாளி திரும்பி வந்து ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். கோபப்படுகிற மனிதர் அல்ல. தேய்த்த கட்டையை விரலால் தடவினார். பிறகு நான் விளங்கிக்கொள்ளும்படி மெதுவாகச் சொன்னார்: “இவர் போர்க்காலத்தில் எல்லையில் காவல் நின்றவர், சிவம். நீ சவரம் செய்து பள்ளிக்கூடப் பொடியன் ஆக்கிவிட்டாய். இனி இவர் சொல்வதை யார் நம்புவார்?”

மூன்று தரம்

அவர் என்னை நிறுத்தாததற்குக் காரணம் அவருடைய கண். பொடி எண்கள் தெரிவதில்லை. நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடைக் களஞ்சியத்தில் மூடை எண்ணியவன். எண் எனக்குப் பிழைக்காது. அதோடு எண்ணை வாசிக்க டொச் தேவையில்லை. அதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். வாடிக்கையாளரோடு கதைக்க வேண்டியிருந்தால் ஒரு மாதத்தில் ஓடியிருப்பேன்.

நாலு எண்ணும் ஒத்து, சிப்பாயின் கடதாசியும் இருந்தால் முதல் தரம். கடதாசி இல்லையென்றால் இரண்டாம் தரம். எண் மாறியிருந்தால் மூன்றாம் தரம். அதை முழுசாக வைத்திருக்காமல் கழற்றி உதிரிப் பாகங்களாக விற்றுவிடுவார்கள். எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன்.

ஊரிலிருந்து வந்த நாங்கள் ஆறு பேர் ஓர் அறையில் இருந்தோம். ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவிய குணம் அண்ணைக்கு என் கொப்பி பெரிய பகிடி. புரட்டிப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: “ஊரிலை துவக்கைக் கண்டு ஓடிவந்தனி, இஞ்சை இருந்து அதுக்குச் சாதகம் பாக்கிறாய்.”

கடதாசி

சூக் நகரத்திலிருந்து ஒரு பல் வைத்தியர் மாதம் ஒருமுறை வருவார். துவக்கைத் தூக்கியதும் அடித்தகட்டைக் கழற்றித்தான் பார்ப்பார். அந்த நாட்டில் ஆண்கள் இராணுவத் துவக்கை வீட்டிலேயே வைத்திருந்த காலம் அது. தன்னுடையது இன்னொருவருடையதோடு மாறிவிடக் கூடாதென்று பெயரும் ஊரும் படைப்பிரிவும் எழுதித் தகட்டுக்குள் வைப்பார்களாம்.

நான் தேய்த்த மூன்றில் ஒன்றைக் கையில் எடுத்தார். தகட்டைத் திறந்தார், மூடினார், திரும்ப வைத்தார். நான் பக்கத்தில் விளக்குமாற்றோடு நின்றேன். அந்த மூன்று பெயர்களும் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் குற்றமாகச் சொல்லவில்லை, இருந்ததைச் சொன்னார்: “அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இது யாருமே வைத்திருக்காத துவக்கு மாதிரி இருக்கிறது.”

பிறந்த திகதி

அந்த வருடம் அகதி விண்ணப்ப விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு திகதி, பள்ளிக்கூடச் சான்றிதழில் வேறொரு திகதி. எண் ஒத்துப்போகாவிட்டால் என்ன தரம் என்று எனக்குத் தெரியாதா? விசாரித்த அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மொழிபெயர்ப்பாளர் மூலம், இதற்கு ஒரு காரணம் இருக்குமே, சொல்லுங்கள் என்றார். என்னைப் பள்ளியில் சேர்க்கப் போன மாமா திகதி தெரியாமல் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான்.

அறைக்கு வந்து இதைச் சொல்ல, குணம் அண்ணை சிரித்தார்: “இந்த விசாரணை உன்னட்டைப் போயிருந்தால் உன்னைக் கழட்டித்தான் வித்திருப்பாய்.”

கம்பளிக்குள் ஒன்று

இலையுதிர் காலத்தில் ஒரு விதவை, திருமதி ஹூபர், கணவரின் துவக்கைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்தார். பிள்ளைகள் இல்லை, வீட்டைச் சின்னதாக்கப் போகிறார். பணம் முக்கியமில்லை, யாராவது முழுசாகத் தங்கள் சுவரில் மாட்டிவைத்தால் போதும் என்றார். முதலாளிதான் இதை எனக்கு விளங்கப்படுத்தினார். பிறகு தொலைபேசி அடிக்க உள்ளே போய்விட்டார்.

அருமையான துவக்கு. கட்டையில் கீறல் இல்லை, கடதாசி இருந்தது. மூன்று இடங்களில் கடைசி இலக்கங்கள் 406. போல்ட்டில் 219. நான் பென்சிலை எடுத்தேன். என் முகம் மாறியதை அந்த அம்மா பார்த்திருப்பார் போல. விரலால் போல்ட்டைத் தொட்டு வேகமாக ஏதோ சொல்லத் தொடங்கினார். அவர்களுடைய ஊர்ப் பேச்சு. ‘ப்ரூடர்’ என்ற சொல் இரண்டு முறை வந்தது. சகோதரன் என்று தெரியும். மற்றது விளங்கவில்லை. இன்னொருமுறை சொல்லுங்கள் என்று கேட்க இரண்டு சொல் போதும், அவை எனக்குத் தெரியும். வெட்கத்தில் கேட்கவில்லை. தலையை ஆட்டினேன்.

மூன்றாம் தரம் என்று எழுதிக் கொப்பியைத் திருப்பிக் காட்டினேன். விளங்கியவன் போல நான் ஆட்டிய தலையை அவர் நம்பியிருந்தார். கம்பளியை மடித்துக்கொண்டே, இம்முறை நிதானமான டொச்சில் சொன்னார்: “எல்லாம் கேட்ட பிறகும் நீங்கள் அப்படித்தான் எழுதுகிறீர்கள் என்றால், அது சரியாகத்தான் இருக்கும்.”

கூரிலிருந்து வந்தவர்

மூன்று கிழமைக்குப் பிறகு கூர் நகரத்திலிருந்து ஒரு முதியவர் வந்தார். கையில் ஒரு துவக்கு. தம்பியின் மனைவி இங்கே கொடுத்ததை வாங்க வந்திருப்பதாக முதலாளியிடம் சொன்னார். செத்தவீட்டு நேரம் தான் ஆஸ்பத்திரியில் கிடந்ததாகவும், அவள் விற்கப்போவது தெரியாதென்றும், இரண்டையும் ஒரே சுவரில் மாட்டப்போவதாகவும் சொன்னார். அதற்குள் மேசையில் கிடந்த அவருடைய துவக்கை என் கண் வாசித்துவிட்டது. மூன்று இடங்களில் 219. போல்ட்டில் 406.

இராணுவத்திலிருந்து இருவரும் ஓய்வுபெற்ற நாளில், துவக்குகள் இனித் தங்களுக்கே சொந்தம் என்று ஆனபோது, அண்ணனும் தம்பியும் போல்ட்டுகளை மாற்றிக்கொண்டார்களாம். இதைத்தான் அந்த அம்மா எனக்குச் சொல்லியிருக்கிறார்.

கொப்பியில் நான் எழுதிய தரத்தை நம்பி முதலாளி கழற்றி விற்றதில், தம்பியின் குழல் ஒருவருக்கும் கட்டை இன்னொருவருக்கும் போய்விட்டிருந்தன. வாங்கியவர்கள் யார் எவர் என்று முதலாளிக்கும் தெரியாது. முதலாளி வாய் திறக்கமுன் நானே என் உடைந்த டொச்சில் சொன்னேன்: அவர் சொன்னார், எனக்கு விளங்கவில்லை, விளங்கியது போல நடித்தேன். அந்தக் கடையில் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். உதிரிப் பெட்டியில் 219 போல்ட் மட்டும் மிச்சம் இருந்தது. எடுத்துத் துடைத்து, இதை உங்களுடையதில் மாட்டித் தரவா, நாலும் ஒத்துவிடும், முதல் தரம் ஆகிவிடும் என்று கேட்டேன். வேறு என்ன கொடுப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

அவர் அதை வாங்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். “மாட்ட வேண்டாம். இதை மாட்டினால் அவனை அல்லவா கழற்ற வேண்டும்?”

நாலு வருடத்தில் முந்நூற்று ஐம்பத்து நாலு துவக்குகளில் ஆயிரத்து நானூற்றுப் பதினாறு எண்களை மட்டுமே வாசித்தேன், ஒன்றையும் பிழையாக வாசிக்கவில்லை என்பதுதான் அந்தத் தொழிலில் நான் விட்ட பிழை.