ரோஸ்லின் அக்காவின் லாகின்

ரோஸ்லின் அக்கா இன்று காலை போய்விட்டார்.

கிட்னி பிரச்சினை... எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். திண்டுக்கல்லில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட் என்றால் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் ஹெட், நான் மிச்சம்.

அக்கா மேஜைக்கு எதிரே சுவரில் பெரிய ஸ்கிரீன் ஒன்று. எந்த கம்ப்யூட்டர் எவ்வளவு டேட்டா வாங்குது, எவ்வளவு வெளியே அனுப்புது என்று நாள் முழுக்கக் கோடு ஓடிக்கொண்டிருக்கும்.

புதிதாக வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "ஷேர் மார்க்கெட்டாம்மா?" என்று கேட்பார்கள். "ஆமா, நட்டத்துல போகுது" என்பார், சிரிக்காமல்.

அந்தக் கோட்டைப் பார்த்தே ஊர் நிலவரம் சொல்வார். காலையில் கோடு படுத்திருந்தால், "இன்னைக்கு முகூர்த்த நாளுடா, ஓ.பி.ல கூட்டம் இருக்காது." சாயங்காலம் வைஃபை திணறினால், "கிரிக்கெட்டு. வார்டுல அம்புட்டுப் பேரும் போனும் கையுமா இருப்பாங்க, வேணும்னா போய்ப் பாரு." போய்ப் பார்ப்பேன். அப்படியேதான் இருக்கும்.

கர்வம் உண்டு. அதை மறைக்கவும் மாட்டார். "என்னைய மாதிரி ஒரு ஆளை இந்த ஜில்லாவுல காட்டு, ஒனக்கு ஆயுசுக்கும் காப்பி வாங்கித் தாரேன்." நான் தேடியதே இல்லை. வேஸ்ட்.

அந்த மாசித் திருவிழா நாளை மறக்க முடியாது...

ஊரே கோயில் பக்கம் போய்விட்டது. ஓ.பி. லீவு, பில்லிங் கவுன்டர் பூட்டு. எமர்ஜென்சி மட்டும்தான். ஸ்கிரீனில் எல்லாக் கோடும் தரையோடு தரையாகக் கிடக்கிறது... ஒன்றைத் தவிர.

பூட்டிக் கிடந்த பில்லிங் கவுன்டரில் ஒரு கம்ப்யூட்டர் டேட்டாவை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. சீராக, ஒரே அளவாக.

"அப்டேட்டா இருக்கும்க்கா" என்றேன்.

"அப்டேட்டுன்னா வாங்கும்டா. இது குடுத்துக்கிட்டே இருக்கு. மனுசன் வேலை பாத்தா கோடு ஏறும், எறங்கும். டீ குடிக்கப் போவான், வெட்டிக்கதை பேசுவான். இது தறி ஓடுற மாதிரி ஓடுது பாரு."

யார் லாகின் என்று பார்த்தோம். முருகேசன் சார்.

பில்லிங்கில் கேஷியராக இருந்தவர். தங்கமான மனுஷன். ஹார்ட் அட்டாக்கில் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அக்கா சேரில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "உசுரோட இருந்தப்பவே திருவிழாவுக்கு லீவு போட்ட மனுசன்... இப்ப மட்டும் டூட்டிக்கு வந்துருக்காரா?"

அக்கா நேராக மேனேஜருக்குப் போன் போட்டார். "எவனோ உள்ள இருக்கான் சார். இன்டர்நெட்ட மொத்தமா அறுக்கப் போறேன்."

மேனேஜர் குதித்தார். சித்தையன்கோட்டையிலிருந்து பைக் ஆக்சிடென்ட் கேஸ் ஒன்று வந்திருந்தது, தலையில் அடி. அந்த ஸ்கேன் இன்டர்நெட் வழியாகத்தான் ஸ்கேன் டாக்டருக்குப் போக வேண்டும்.

"அத சிடியில போட்டுக் குடுத்து விடுறேன். டாக்டர் வீடு என்ன அமெரிக்காவுலயா இருக்கு? நான் சொல்றது தப்புன்னா நாளைக்கு நான் வேலைக்கு வரல. சரின்னா எங்க ரூமுக்கு ஒரு ஏசி."

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

நான் சிடியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தீச்சட்டிக் கூட்டத்துக்கு நடுவே பைக்கை உருட்டினேன். மஞ்சத்தண்ணி ஊற்றி முழுக்க நனைத்துவிட்டார்கள். சிடி நனையவில்லை. அடிபட்ட அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான்.

திரும்பி வந்தபோது அக்கா மெயின் சர்வரைத் துழாவி முடித்திருந்தார். எல்லா ஃபைலையும் பூட்டிப்போடும் புரோகிராம் உள்ளே தயாராக உட்கார்ந்திருந்தது. அவன் இன்னும் அதை ஓட விடவில்லை, அவ்வளவுதான். ஓடியிருந்தால் மறுநாள் லேப் ரிப்போர்ட் இல்லை, கேஸ் ஹிஸ்டரி இல்லை... யாருக்கு என்ன பிளட் குரூப் என்று பார்க்கக்கூட வழி இருந்திருக்காது.

முருகேசன் சார் லாகினை ஏன் மூடாமல் விட்டார்கள் என்று மறுநாள் விசாரணை. பில்லிங் செல்வி அழுதுகொண்டே சொன்னாள். "நாங்கதான்க்கா மூட வேணாம்னு சொன்னோம். காலையில ஸ்கிரீன்ல அவரு பேரு வந்தா, அவரே வந்து உக்காந்த மாதிரி இருக்கும்."

ஆயுதபூஜைக்கு அந்த கம்ப்யூட்டருக்கு மட்டும் தனியாகப் பூ வைத்தவர்கள் இவர்கள். எங்கே போய்த் திட்டுவது?

அக்கா திட்டவில்லை. "எனக்கும் அவரப் பிடிக்கும்டி. அதான் சொல்றேன்... அவரு பேரச் சொல்லி எவனோ திருடுறான். விட்டுறலாமா?"

அன்றைக்கே ரூல் போட்டார். வேலையை விட்டுப் போனாலும் சரி, உலகத்தை விட்டே போனாலும் சரி, அன்றைக்கே லாகினை மூட வேண்டும். யாருக்கும் விதிவிலக்கு கிடையாது.

ஏசியும் வந்தது. புத்தம் புதுசு. மேனேஜர் கடைசிவரை முறைத்தார்.

போன வாரம் வார்டில் போய்ப் பார்த்தேன். டயாலிசிஸ் முடிந்து சோர்ந்து கிடந்தார், கையில் இருந்த போனில் மட்டும் அதே கோடு ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "மூணாவது மாடி பிரிண்டரு ஏன்டா இம்புட்டு பேசுது?"

நாளைக் காலை அடக்கம். பேகம்பூர் பக்கம் அவர் வீட்டிலிருந்து கிளம்புகிறோம். தெரிந்தவர்கள் வந்துவிடுங்கள்.

இன்று மத்தியானம் எங்கள் ரூம் வாசலில் செல்வி வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அண்ணே... அக்கா பேரு மட்டும் இருக்கட்டுமேண்ணே."

நான் ஸ்கிரீனில் அக்காவின் லாகினைத் தேடி எடுத்தேன். அவளே தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றாள்.

மூடிவிட்டேன் அக்கா. இன்றைக்கே. உங்கள் பேரைச் சொல்லிக்கொண்டு ஒரு பயலும் உள்ளே வர முடியாது.

போய்ட்டு வாங்க.