யாருடைய கழுதைப்புலி?

டில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் பொறுக்கிக்கொண்டே லீலாவதி போனில் யாரையோ இந்தியில் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். “அந்தக் கழுதைப்புலி உங்களுடையது என்று நான் சொல்லவே இல்லை சார்” என்றாள். கடைக்காரர் தராசை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறத்தியார் பேச்சில் காது வைக்கக் கூடாதுதான். ஆனால் இப்படி ஒரு வாக்கியம் காதில் விழுந்த பிறகு எவனால் பேசாமல் புளி வாங்க முடியும்?

லீலாவதி லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் எதிர் குவார்ட்டர்ஸ். நான் பட்டாபி, மத்திய சர்க்காரில் குப்பை கொட்டி ரிடையர் ஆகி, மகனுக்கு ஒதுக்கிய குவார்ட்டர்ஸில் ஒண்டியிருப்பவன். அவள் வேலை என்னவென்று கேட்டால் ‘ஒருங்கிணைப்பு’ என்பாள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கொட்டாவி வரும். சமோசா, ஒரு மீட்டிங், அடுத்த மீட்டிங் எப்போது என்று முடிவு செய்ய இன்னொரு மீட்டிங். இத்தனை நாள் அதற்கு மேல் நான் கேட்டதில்லை. அன்றைக்கு ஆட்டோவில் திரும்பும்போது விடாமல் கேட்டேன்.

“டில்லிக்குத் தெக்கே மலைக்காட்டுக்கு நடுவுல ஒரு ரோடு இருக்கு சார். ரோடுதான் ரெண்டு மாநிலத்துக்கும் எல்லை. இந்தப் பக்கம் ஒரு வனத்துறை, அந்தப் பக்கம் ஒரு வனத்துறை. அடியில பழைய கல் பாலம், மழைத் தண்ணி போறதுக்கு. அதுக்குள்ள பூந்துதான் மிருகமெல்லாம் போகுது, வருது” என்றாள். மதுரைப் பெண். பேச்சில் அவசரமே இருக்காது.

ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள். புதுத் திட்டத்தில் கல் பாலத்துக்குப் பதில் குறுகலான குழாய். குழாய் போட்டால் மிருகங்கள் ரோட்டில் ஏறித்தான் தாண்ட வேண்டும், லாரியில் அடிபட்டுச் சாகும். இங்கே மிருகம் கடக்கிறது என்று இரண்டு வனத்துறையும் எழுதிக் கொடுத்தால், நிமிர்ந்து நடக்கிற உயரத்தில் வழி விட்டுக் கட்ட இன்ஜினியர் தயார். மாதக் கடைசிக்குள் வேண்டும்.

“எழுதிக் கொடுக்க என்ன கேடு?”

“கழுதைப்புலி எங்க காட்டைச் சேந்ததுன்னு எழுதிட்டா, நாளைக்கு அது ஆட்டைத் தூக்கினா அவங்கதான பதில் சொல்லணும்? அதனால ரெண்டு பேரும், அது அந்தப் பக்கத்துதுன்னு சொல்றாங்க. ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கவும் மாட்டாங்க. ரெண்டு பேரையும் ஒருங்கிணைக்கிறதுதான் என் வேலை, அதனால எதுன்னாலும் எனக்குத்தான் போன்.”

“அதட்டி வாங்க உனக்கு அதிகாரம் இல்லையாம்மா?”

“கூப்பிடலாம் சார். வந்தா டீ கொடுக்கலாம். அம்புட்டுதான்.”

எனக்குக் கோபமும் வந்தது, ஆசையும் வந்தது. ஊருக்கே வேண்டாத பிராணி, கதையில்கூடத் திருட்டு வேஷம்தான் கிடைக்கும். அதற்காக ஒருத்தி வெங்காயக் கடையில் நின்று மன்றாடுகிறாள். அது போகும் வழியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை அங்கே போவதாகச் சொன்னாள். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நானும் ஜீப்பில் ஏறிக்கொண்டேன்.

பாலத்தின் இரண்டு வாயிலும் இரண்டு வனத்துறை ரேஞ்சர்கள் நின்றிருந்தார்கள். பெயர் எழுதினால் வம்பு. ஒருவர் தொப்பி, ஒருவர் மஃப்ளர் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் தங்கள் பக்கத்து வாயில் தானியங்கிக் கேமரா கட்டி, உள்ளே பார்க்கத் திருப்பியிருந்தார்கள். தொப்பி முதலில் தன் போனை நீட்டினார்.

“தேக்கியே மேடம், பாருங்கள். எல்லாப் படத்திலும் முகம் இந்தப் பக்கம். அங்கிருந்துதான் வருகிறது.”

மஃப்ளரும் நீட்டினார். அதிலும் எல்லாம் முகம்தான். அங்கிருந்துதான் வருகிறது என்றார் அவரும், எதிர்த் திசையில் கை காட்டி.

லீலாவதி இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். உடம்பெல்லாம் கோடு, பிடரி சிலிர்த்து, வலது காது கிழிந்த ஒரே பிராணி. சாயங்காலம் மஃப்ளர் பக்கம் வெளியே வருகிறது, விடியற்காலம் தொப்பி பக்கம். நொய்டாவில் வேலையும் டில்லியில் வீடுமாக அலைகிறவர்களைப் போல, அதற்குத் தினமும் போக வர இருந்தது.

“உள்ள போறப்போ முதுகுதான தெரியணும்? அந்தப் படமெல்லாம் எங்க சார்?” என்று இந்தியில் கேட்டாள்.

இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். வால் தெரிந்த படங்களை இரண்டு பேருமே அழித்துவிட்டிருந்தார்கள்! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சர்க்கார் உத்தியோகஸ்தன் புத்தி எந்த மாநிலமானாலும் ஒன்றுதான், எனக்குத் தெரியாதா?

லீலாவதி சிரிக்கவில்லை. “இப்போ சொன்னதையே எழுதிக் கொடுங்க. அந்தப் பக்கத்திலிருந்து வருதுன்னு. ஒரு எழுத்து மாத்த வேண்டாம், படத்தையும் சேருங்க” என்றாள். தன்னுடையது இல்லை என்று எழுத எந்த அதிகாரிக்குக் கசக்கும்? மஃப்ளர் ஜீப் பானெட்டில் வைத்து மளமளவென்று எழுதிவிட்டார். தொப்பி பேனாவைத் திறந்தார்.

“ரெண்டையும் ஒரே கவர்ல இன்ஜினியருக்கு அனுப்புவேன். சொல்லாம செய்ய மாட்டேன்” என்றாள் லீலாவதி.

காரியம் முடியப்போகும் நேரத்தில் இந்தப் பெண் ஏன் வாயைக் கொடுக்கிறாள்? இங்கிருந்தும் வருகிறது, அங்கிருந்தும் வருகிறது என்றால் இரண்டு பேரும் சேர்ந்து கடக்கிறது என்று சொன்னதாகத்தானே ஆகும்! மஃப்ளருக்கு அது உடனே புரிந்து, மீசைக்குள் சிரித்தார். தொப்பி பேனாவை மூடினார். பாலத்துக்குள் குனிந்து பார்த்தார். மணலில் பாதத் தடங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக, இரண்டு திசையிலும். லீலாவதியின் கை துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தது.

“நான் எழுதுவது பொய் இல்லையே” என்று தனக்கே சொல்லிக்கொண்டு, பேனாவைத் திறந்து எழுதினார்.

புது வழி கட்டி முடிய அடுத்த வருஷம் ஆயிற்று. ஒருநாள் காலை லீலாவதி போனோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். படத்தைக் காட்டினாள். கிழிந்த காது புது வழிக்கு நட்டநடுவில் படுத்திருந்தது, மடியில் இரண்டு குட்டிகள். கேமராவில் படம் விழுந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதுமே தொப்பி லீலாவதியைப் போனில் கூப்பிட்டாராம். முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டாராம்.

“எந்தப் பக்கமும் போகலை சார், பால் கொடுத்துட்டிருக்குன்னேன். அச்சான்னாரு.”

“அப்புறம்?”

“குட்டிங்க பெரிசாகுற வரைக்கும் ரெண்டு பக்கமும் ஆளு போட்டு ரோட்டுல வண்டிங்களை மெதுவா விடணும்னாரு. அந்தப் பக்கத்து சாரோட நம்பரைக் கொடுங்க, நானே பேசிக்கிறேன்னு கேட்டு வாங்கினாரு சார். இத்தனை வருஷத்துல முதல் தடவை.”

இரண்டு ரேஞ்சர்களும் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்கத் தன் போன் அடிக்கவே இல்லை என்றாள்.